சுவிட்ச் அருகே சோபனா

இல்லை என்று சொல்லும் துணிவு அந்தக் கடைக்கு இல்லை. வா என்று சொல்லும் மனமும் இல்லை. ஆகவே பழி முழுவதையும் மின்சாரம் சுமந்துகொண்டிருந்தது.

கிருஷ்ணப்பனை நீங்கள் அறிவீர்கள். பெங்களூரில் பல ஆண்டுகள் கத்திரி பிடித்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி, புங்கனஅள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் சலூன் திறந்தவர். கட்டடம் தீர்த்தகிரியுடையது, தீர்த்தகிரி ஊரின் பெரியதனக்காரர். சாவியைக் கொடுத்த நாளில் அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. காலனி ஆட்களின் தலையில் இந்தக் கடையின் கத்திரி படக் கூடாது. அதை வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. சொன்னால் சட்டம் வரும், போலீஸ் வரும், கேமராவோடு செய்திக்காரன் வருவான்.

எனவே ஓர் ஏற்பாடு பிறந்தது. காலனியிலிருந்து எவரேனும் படியேறினால் கிருஷ்ணப்பன் தொண்டையைச் செருமுவார். கதவோரம் முக்காலியில் உட்கார்ந்திருக்கும் மகள் சோபனா எழுந்து மெயின் சுவிட்சை இறக்குவாள். விசிறி நிற்கும், டிரிம்மர் அடங்கும். கரன்ட் போச்சுங்க, சாயங்காலம் வாங்க என்பார் கிருஷ்ணப்பன். வந்தவர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பஸ் ஏறுவார்.

எவரையும் அவமதிக்கவில்லை, பார்த்தீர்களா? எவரையும் தடுக்கவில்லை. சாதி என்ற சொல்லே அந்தக் கடைக்குள் ஒலித்ததில்லை. ஒரு பெண் குழந்தையின் கை மட்டும் மேலே போய்க் கீழே வந்தது. நூறு ஆண்டுகளாக மேடைபோட்டு விரட்டிய பேய், ஏழாம் வகுப்புச் சிறுமியின் விரல் நுனியில் வந்து குடியேறியிருந்தது.

சென்ற வாரம் இந்த இரகசியம் சோபனாவின் தாய் மாதம்மாளுக்குத் தெரிந்தது. அரூரில் துணி தைக்கும் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவள் அவள். கடைப்பக்கம் வருவது அரிது. அன்று இரவு கணவனிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"புள்ளைக்குத் தொழிலு கத்துக் குடுங்க, வேணாங்கல. இது என்னா தொழிலுங்க?"

கிருஷ்ணப்பன் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அதன்பின் அந்த வாரம் முழுவதும் அவள் அவரோடு பேசவில்லை.

இனி, இந்த ஞாயிற்றுக்கிழமை.

சித்தேரி மலைப்பக்கம் மேகம் திரண்டும் மழை இறங்காமல், காற்றே அற்ற காலை. சலூனுக்குக் கொழுத்த நாள். இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் தீர்த்தகிரி சாய்ந்திருந்தார். முகத்தில் பாதி மழித்தாயிற்று. மீதிப் பாதியில் சோப்பு நுரை. மற்றொரு நாற்காலி அப்போதுதான் காலியாயிருந்தது. பெஞ்சில் ஊர்க்காரர்கள் நால்வர் முறைக்காகக் காத்திருந்தனர். ஒருவர் தக்காளி விலையைத் திட்டினார்; இன்னொருவர், பாலக்கோட்டு மண்டியில் தாம் அதற்கும் குறைவாக விற்றதாகச் சொல்லி அவரைத் தேற்றினார். பக்கத்துக் கட்டடத்தில் மாவு மில் தடதடத்துக்கொண்டிருந்தது.

சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் மாது, காலனியைச் சேர்ந்த கட்டட மேஸ்திரி. அவர் இறங்கவில்லை, இன்ஜினையும் அணைக்கவில்லை. பின்னாலிருந்து மகன் அறிவழகன் குதித்திறங்கி, இரண்டே தாவலில் படியேறினான்.

அறிவழகன் சோபனாவின் வகுப்பு. மறுநாள் தருமபுரியில் மாவட்ட அளவிலான பேச்சுப் போட்டி. பள்ளியின் சார்பில் பேசத் தேர்வானவன் அவன்தான். காடாக வளர்ந்த முடியோடு மேடையேறக் கூடாதென்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அவன் சோபனாவிடம், உங்க கடையில எப்பத்தான் கரன்ட் இருக்கும் என்று கேட்டான். கேலியில்லை, மெய்யான கேள்வி. சமாளிக்கத் தெரியாமல் அவள், ஞாயித்துக்கெழம காலையில இருக்கும் என்று சொல்லிவைத்தாள். அவன் நம்பினான். வேண்டாமென்ற தகப்பனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் கால் வாசலைத் தாண்டவில்லை. விசிறி நின்றது. விளக்கு அணைந்தது. டிவியில் பாடிக்கொண்டிருந்த பெண் பாதிச் சொல்லில் மறைந்தாள்.

"கரன்ட் போச்சு, அறிவு. சாயங்காலம் வா."

சொன்னவள் சோபனா.

கிருஷ்ணப்பனின் கையிலிருந்த சவரக் கத்தி தீர்த்தகிரியின் கன்னத்துக்கு ஒரு விரல்கடை தூரத்தில் அப்படியே நின்றது. அவர் செருமவில்லை. செருமுவதா வேண்டாமா என்ற தயக்கத்தில் கண்ணாடி வழியே அந்தச் சிறுவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மனைவியின் கேள்வி ஒரு வாரமாக அவர் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஆனால் மகள் காத்திருக்கவில்லை. கட்டளை இல்லாமலே கை மேலே போயிருந்தது. சொல்லிக் கொடுக்காமலே வாய் திறந்திருந்தது. சொன்ன குரல் அவருடைய குரல், இழுவைகூட அவருடையதே.

தீர்த்தகிரி நுரைக்குள்ளிருந்து சிரித்தார். "கெட்டிக்காரப் புள்ளடா, கிருஷ்ணா. உனக்கே பாடம் எடுக்கும் போலிருக்குது."

சோபனா வெட்கத்தோடு தலை குனிந்தாள். பாராட்டுக் கிடைத்த குழந்தையின் வெட்கம் அது. தாய் தந்தையரே, அந்த வெட்கத்தைக் கண்ணாடியில் கண்ட தகப்பனின் நெஞ்சை எண்ணிப் பாருங்கள். திருடக் கற்றுக்கொடுத்தவனுக்குத் தண்டனை உண்டு. பொய்யைக் கற்றுக்கொடுத்து, ஒரு மனிதனை மனிதன் விரட்டக் கற்றுக்கொடுத்து, அதில் தன் குழந்தை முதல் மதிப்பெண் வாங்குவதைக் காணும் தகப்பனுக்கு எந்த நீதிமன்றத்தில் தண்டனை எழுதுவது?

அறிவழகன் மில் பக்கம் திரும்பிப் பார்த்தான். கரன்டில் ஓடும் அது தடதடத்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு சோபனாவைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. ஆனாலும் அவன் போகவில்லை.

"பரவால்ல. வர வரைக்கும் உக்காந்திருக்கறேன்."

வாசற்படிக்கு வெளியே, சுவரோரம் கிடந்த சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தான். சாலையிலிருந்து மாது, வாடா, பாப்பிரெட்டிப்பட்டிக்கே போயிரலாம் என்று அழைத்தார். அவன் தலையாட்டி மறுத்தான். சோபனா இங்கே கரன்ட் இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள், கட்டாயம் வரும் என்றான். பிறகு சாலைப் பாதுகாப்பைப் பற்றிய தன் உரையை முணுமுணுக்கத் தொடங்கினான்.

அப்போது புங்கனஅள்ளியில் இதுவரை நடவாத ஒன்று நடந்தது.

அவன் போகாதவரை சுவிட்சை ஏற்ற முடியாது. ஏற்றாதவரை விசிறி சுழலாது. தகரக் கூரையின் கீழே வெக்கை இறங்கியது. தக்காளிக்காரர் துண்டால் விசிறிக்கொண்டார். இன்னொருவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். தீர்த்தகிரியின் கன்னத்து நுரை காய்ந்து தோலை இழுத்தது. வியர்வை கழுத்து வழியே இறங்கியது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் எதைச் சொல்வது? சுவிட்சைப் போடு என்றால், கரன்ட் போயிருக்கவில்லை என்றாகிவிடும். பையனைத் துரத்து என்றால், ஏன் என்று அவன் கேட்பான்.

ஒரு சிறுவனின் தலையில் கத்திரி படக் கூடாதாம். அதற்காக ஊரின் பெருமக்கள், சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இருட்டில் அமர்ந்து வெந்துகொண்டிருந்தார்கள். மேலே இருக்கிறோம் என்ற மிதப்புக்காக மனிதர்கள் எத்தனை வியர்வையையும் சிந்துவார்கள். அந்த வியர்வையில் பாதியை நிலத்தில் சிந்தியிருந்தால் ஊர் செழித்திருக்கும்.

வெளியே அறிவழகனின் குரல் ஒரே சீராக வந்தது. "வளைவுகளில் முந்தாதீர்கள். எதிரே வருபவரும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியவரே."

சோபனா முக்காலியில் நெளிந்தாள். அவள் விரும்பியது அவன் போக வேண்டும் என்பதே. கோபித்துக்கொண்டாவது போயிருக்கலாம். பொய் என்று கத்தியிருக்கலாம். அப்படிக் கத்தியிருந்தால் அவளுக்கும் பதிலுக்குக் கத்த எளிதாயிருந்திருக்கும். இவனோ அவள் சொன்ன சொல்லை மதித்து உட்கார்ந்திருக்கிறான். அந்த மதிப்பு அவளைச் சுட்டது. வியர்வை கண்ணில் இறங்கியதா, வேறெதுவுமா என்று அவளுக்கே விளங்கவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

கிருஷ்ணப்பனுக்குப் பெங்களூர்க் கடை நினைவுக்கு வந்தது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்தவரெல்லாம் வெறும் தலைகள். சுருட்டை, நரை, வழுக்கை என்பதற்கு மேல் வேறு பிரிவு அவர் அறியார். வந்தவர்கள் அவரை அண்ணா என்றழைத்தார்கள். இங்கே, நரைத்த மீசையோடு நிற்கும் அவரைப் பேரன் வயதுப் பையன்களும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கலியாண வீட்டில் அவருக்குப் பந்தி கடைசியில், கொல்லைப்புறத்தில். தன்னைக் கொல்லையில் உட்கார வைத்தவர்களுக்காகத்தான் இன்னொருவனைத் தெருவில் உட்கார வைத்திருக்கிறார். மிதிபடுகிறவனுக்கு மிதிக்க ஒருவனைக் கொடுத்துவிட்டால் அவன் தன் முதுகை மறந்துவிடுவான் என்று இந்தச் சாதி ஏணியைக் கட்டியவன் கணக்குப் போட்டான். இந்த நாள்வரை அந்தக் கணக்குத் தப்பியதே இல்லை.

அவர் சவரக் கத்தியை மடக்கினார். ஈரத் துண்டில் கையைத் துடைத்தார். கதவோரம் நடந்து, மகளின் தலைக்கு மேலே கையை நீட்டி, சுவிட்சை ஏற்றினார்.

விசிறி சுழன்றது. பாட்டுக்காரி மீண்டும் வந்தாள். பெஞ்சிலிருந்த நால்வரும் தம்மையறியாமல் ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

"உள்ள வா, தம்பி. இந்தச் சேர்ல உக்காரு."

தீர்த்தகிரியின் நாற்காலிக்கு அடுத்த நாற்காலி. அறிவழகன் ஏறி அமர்ந்தான். ஒரே கண்ணாடியில் இரண்டு முகங்கள், ஒன்று பாதி நுரையோடு. சாலையில் மாது இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

தீர்த்தகிரி கத்தவில்லை. கத்தும் பழக்கம் அவருக்கு இல்லை. அதற்கு அவசியம் நேர்ந்ததில்லை.

"கிருஷ்ணா, அவனத் தொட்ட கையால என் மூஞ்சியத் தொடுவியா?"

"உங்களுக்குப் பாதி முடிஞ்சிருச்சுங்கய்யா. மீதி வேணும்னா இருங்க, பையனுக்கு முடிச்சுட்டு வரேன்."

"யோசிச்சுத்தான் பேசறியா?"

"யோசிக்காமத்தாங்க இத்தன நாளு ஓட்டுனேன்."

தீர்த்தகிரி துண்டை உதறி எழுந்தார். பெஞ்சும் பின்னாலேயே எழுந்தது. ஊரில் வேறு சலூன் இல்லை. காலனி மக்கள் ஆண்டு முழுவதும் எந்தப் பஸ்ஸில் ஏறினார்களோ அதே பஸ்ஸில், பாதி முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு, பெரியதனக்காரர் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனார்.

கத்திரி பேசத் தொடங்கியது. சோபனா அசையாமல் பார்த்திருந்தாள். அப்பாவின் கை நடுங்கியது அவளுக்குத் தெரிந்தது. காதோரம் வளைத்துத் திருத்தும்போது அவர் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். அப்பா பயப்படுகிறார். பயந்துகொண்டே செய்கிறார். இப்படியும் ஒன்று உண்டு என்பதை அவள் அன்றுதான் கண்டாள். பயமில்லாதவர்கள்தாம் நல்லது செய்வார்கள் என்று அதுவரை எண்ணியிருந்தாள்.

முடி வெட்டி முடிந்ததும் அறிவழகன் கண்ணாடியில் இருபுறமும் திரும்பிப் பார்த்தான். நன்றி சொன்னான், கிருஷ்ணப்பனுக்கு மட்டும். அவளைத் தாண்டிப் போகும்போது அவளைப் பார்க்கவில்லை. மாது கிருஷ்ணப்பனின் முன்கையை ஒருமுறை பற்றிவிட்டுப் போனார்.

பிற்பகலில் ஆள் வந்தது. மாரியம்மன் கோயில் முன்னே ஊர் கூடியிருக்கிறது, குடும்பத்தோடு வரச் சொன்னார்கள் என்று.

மழித்த முகத்தோடு தீர்த்தகிரி நடுவில் அமர்ந்திருந்தார். கடுமை காட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அவருடைய கனிவே அச்சத்தைத் தந்தது. கிருஷ்ணப்பன் நம் பையன், பிழைக்க வந்தவன், தவறு எவருக்கும் நேரும் என்றெல்லாம் பேசினார். கரன்ட் போயிருக்கிறது, திடீரென்று வந்திருக்கிறது, இருட்டிலும் அவசரத்திலும் ஆள் தெரியாமல் வெட்டிவிட்டான். அவ்வளவுதானே? கடையைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நாளை வழக்கம்போலத் திறக்கட்டும். வழக்கம்போல என்ற சொல்லின்மீது அவர் சற்று அழுந்தி நின்றார்.

எத்தனை நேர்த்தியான வலை! எவரையும் தண்டிக்கவில்லை. ஒரு பொய்யை மட்டும் ஊரறியத் திருமணம் செய்துவைக்கிறார்கள். தாலி கட்ட வேண்டியவர் கிருஷ்ணப்பன். தலையை அசைத்தால் போதும். கடை மிஞ்சும், அடுப்பு எரியும், மகளின் படிப்பு நிற்காது. அசைக்காவிட்டால் நாளை தங்குவதற்கு வேறு ஊரைத் தேட வேண்டும்.

காலையில் நிமிர்ந்த அந்த முதுகு கோயில் முன்னே சற்றே வளைந்தது. குறை சொல்லாதீர்கள். அடுத்த வேளைச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறவன் முன்னே நின்றவர்களுக்குத்தான் அந்த வளைவு விளங்கும். அவர் மண்ணைப் பார்த்தார்.

தீர்த்தகிரி சிறுமியின் பக்கம் திரும்பினார். பெரியவன் வாயடைத்து நின்றால் என்ன, குழந்தை சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது.

"நீ சொல்லு, பாப்பா. காலையில கரன்ட் போச்சுதானே?"

சோபனா அம்மாவைப் பார்த்தாள். மாதம்மாள் சைகை ஏதும் காட்டவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார், செருமவில்லை. முதல் முறையாக, எதைச் செய் என்றும் எதைச் செய்யாதே என்றும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கத்திரி பிடித்த கை நடுங்கியது மட்டும் அவள் கண்ணுக்குள் நின்றது.

"போவலீங்க."

கூட்டம் சலசலத்தது. அவள் குரலும் நடுங்கத்தான் செய்தது.

"நாந்தான் ஆஃப் பண்ணுனேன். இன்னிக்கு மட்டும் இல்ல. காலனிக்காரங்க வரப்பல்லாம் நாந்தான் பண்ணுனேன். இனிமே பண்ண மாட்டேன்."

சின்னஞ்சிறு சொற்கள். ஆனால் ஆண்டு முழுவதும் பெயர் சொல்லப்படாமல் உலவிய ஒன்று, பட்டப்பகலில், கோயில் வாசலில், ஆளறியப் பிடிபட்டது. கேட்டவர்களில் சிலர் வேறு பக்கம் பார்த்தார்கள். தீர்த்தகிரியின் மகன் இரண்டு நண்பர்களோடு எழுந்து வெளியே போனான். பின்வரிசையில் இருந்த தக்காளிக்காரர் துண்டை எடுத்து, வியர்க்காத முகத்தைத் துடைத்தார்.

கிருஷ்ணப்பன் மகளருகே வந்து நின்றார். "புள்ள சொல்றது நெசங்க. செய்யச் சொன்னவன் நானு. எங்கிட்டச் செய்யச் சொன்னது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

தீர்த்தகிரியின் கனிவு கழன்றது. கடைச் சாவியை இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

கிருஷ்ணப்பன் சட்டைப்பையைத் தடவினார். அங்கே சாவி இல்லை.

"எங்கிட்ட இருக்குதுங்க," என்றாள் மாதம்மாள். அந்தக் கூட்டத்தில் சோபனாவுக்கு முன் ஒரு பெண்ணின் குரல் ஒலித்ததில்லை. "வாடகைக் கெடு முடியற வரைக்கும் எங்கிட்டத்தான் இருக்கும். காலையில கடை தொறப்போம். யாரு வந்தாலும் உக்கார வெப்போம். நீங்க வந்தாலும்தான்."

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருவில் வழக்கமாகப் பேச்சுக் கொடுக்கும் வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அந்த ஓசைகளுக்கு நடுவே மாதம்மாள், ஒரு வாரத்துக்குப் பிறகு, கணவனோடு பேசினாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். அவர் இல்லை என்றார்.

வீட்டருகே வந்ததும் சோபனா நின்றுவிட்டாள்.

"அப்பா, அறிவு எங்கிட்டப் பேசவே இல்ல."

"ஆமாம்மா."

"இப்ப நான் உண்மையச் சொல்லிட்டேன்ல. பேசுவானா?"

பொய் ஒன்று கிருஷ்ணப்பனின் நாவுக்கு உடனே வந்தது. ஆறுதலான, அன்பான பொய். அதை அவர் விழுங்கிக்கொண்டார்.

"தெரியலம்மா. அத அவந்தான் சொல்லணும்."

சோபனா வீட்டின் பக்கம் திரும்பாமல், காலனிக்குப் போகும் மண்பாதையில் இறங்கி நடக்கத் தொடங்கினாள். அந்தப் பாதையில் அவள் இதற்குமுன் கால் வைத்ததில்லை. மாதம்மாள் கூப்பிட வாயெடுத்தாள். கிருஷ்ணப்பன் கையமர்த்தித் தடுத்தார்.

தீர்த்தகிரியின் மகன் அந்தப் பாதையின் மறுமுனையில், இரண்டு நண்பர்களோடு, மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாய்ந்து நின்றிருந்தான். சோபனா அவர்களைப் பார்த்தாள். நடையின் வேகத்தை மட்டும் அவள் குறைக்கவில்லை.